கொதிகலனைச் சிறுதீயில் வைக்கப் பழக்கிய கருவி: வைலண்ட் சென்ஸோகம்ஃபர்ட் 720, மூன்று குளிர்காலங்களுக்குப் பின்

வீட்டைச் சூடேற்றும் எரிவாயுக் கொதிகலனைச் சிக்கனமாக இயக்குவதற்காக வாங்கிய வைலண்ட் நிறுவனத்தின் சென்ஸோகம்ஃபர்ட் 720 என்னும் கட்டுப்பாட்டுக் கருவியை மூன்று குளிர்காலங்கள் முழுமையாகப் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இத்தகைய கருவியை ஒரு மாதம் பார்த்துவிட்டு நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லிவிட முடியாது. அக்டோபரின் மிதமான குளிரும், ஜனவரியின் உறைபனியும், ஒரே நாளில் வெயிலும் காற்றும் மாறிமாறி வரும் மார்ச்சும் அதை ஒவ்வொரு விதமாகச் சோதிக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி மிக நன்று. ஆனால் பெட்டியைச் சுவரில் மாட்டிய அன்றே சிக்கனம் வந்துவிடுவதில்லை. அதன் உள்ளே இருக்கும் ஒரே ஓர் எண்ணை, உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்வரை, நாள்கணக்கில் பொறுமையாகக் குறைத்துக்கொண்டே வந்தால்தான் கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் கிடைக்கும்.

நாங்கள் லண்டனின் வடமேற்கே ஹாரோவில், 1930-களில் செங்கல்லால் கட்டப்பட்டு, ஒருபக்கச் சுவர் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும் மூன்று படுக்கையறை வீட்டில் வசிக்கிறோம். குளிப்பதற்கான வெந்நீரையும், அறைச் சுவர்களில் வெந்நீர் சுற்றிவரும் தகடுகளான ரேடியேட்டர்களுக்கான சூட்டையும் ஒரே பெட்டியில் தரும் காம்பி வகை வைலண்ட் இகோடெக் கொதிகலன் 2019-இல் பொருத்தப்பட்டது. இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாய்லர் பிளஸ் விதியின்படி, புதிதாகப் பொருத்தப்படும் ஒவ்வொரு காம்பி கொதிகலனோடும் நான்கு சிக்கன வழிகளுள் ஒன்றேனும் இருந்தாக வேண்டும்: புகையிலிருந்து வெப்பத்தை மீட்கும் சாதனம், வெளி வெப்பநிலைக்கேற்ப நீரின் சூட்டை மாற்றும் கட்டுப்பாடு, அறை வெப்பநிலைக்கேற்ப அதையே செய்யும் கட்டுப்பாடு, அல்லது தானே கற்றுக்கொள்ளும் திறன்மிகு தெர்மோஸ்டாட். எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர் நான்காவதைத் தேர்ந்தெடுத்தார். கைபேசியில் அழகிய செயலியும் வந்தது. விதி நிறைவேறியது; சிக்கனம் வரவில்லை. ஏனென்றால் அந்தத் தெர்மோஸ்டாட் கொதிகலனிடம் பேசத் தெரிந்த சொற்கள் இரண்டுதான்: எரி, நில். எவ்வளவு எரிய வேண்டும் என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பநிலையை அவர் 75 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வெளியே உறைபனியானாலும் இளங்குளிரானாலும் நீர் அதே 75-ஐ நோக்கித்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

2022 அக்டோபரில் அரசின் விலை உத்தரவாதம் நடைமுறைக்கு வந்த பிறகும் எரிவாயு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) ஏறக்குறைய 10.3 பென்ஸ் என்ற நிலை வந்தபோதுதான், இந்த 75 என்ற எண்ணைப் பற்றி நான் முதன்முதலாக யோசித்தேன். அதற்குமுன் மூன்றாண்டுகள் அந்த எண் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தும், அதைத் தொட வேண்டும் என்று தோன்றாதது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எரிபொருளில் உள்ள மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த நீராவியின் உள்ளுறை வெப்பமாக ஒளிந்திருக்கிறது. பழைய கொதிகலன்கள் அதைப் புகைக்குழாய் வழியே வானத்துக்கு அனுப்பிவிட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் கட்டாயமாக்கப்பட்ட கண்டென்சிங் வகைக் கொதிகலன்கள், அந்த நீராவியைக் குளிரவைத்து நீராக்கி, அதன் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுக் கொதிகலனுக்குத் திரும்பும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவி அங்கே நீராகத் தொடங்கும். திரும்பும் நீர் எந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு மீட்பு கூடும். போகும் நீர் 75 என்றால், திரும்பும் நீர் பெரும்பாலும் 60-க்கு மேல்தான் இருக்கும். கண்டென்சிங் கொதிகலன் என்று பெயர் சொல்லி விற்கப்பட்ட ஒன்று, எங்கள் வீட்டில் மூன்றாண்டுகள் பெரும்பாலான நேரம் அந்த வேலையைச் செய்யவே இல்லை.

இரண்டாவது கேடு, விட்டுவிட்டு எரிவது. எங்கள் கொதிகலனால் சூடேற்றத்துக்கு 24 கிலோவாட்வரை தர முடியும். வீட்டுக்கோ, லண்டனின் மிகக் குளிர்ந்த இரவில்கூட ஏழு கிலோவாட் போதும். ஆகவே கொதிகலன் முழு வேகத்தில் பற்றி, சில நிமிடங்களில் நீரை 75-க்கு ஏற்றி, அணைந்து, மறுபடி பற்றிக்கொண்டிருந்தது. சித்த மருத்துவத்தில் மருந்து எரிக்கும் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று மூவகையாகச் சொல்வார்கள். எந்தச் சரக்குக்கு எந்தத் தீ, எவ்வளவு நேரம் என்பதில்தான் மருந்தின் குணமே இருக்கிறது. எங்கள் கொதிகலனுக்குத் தெரிந்தது கொழுந்துவிட்டெரியும் காடாக்கினி ஒன்றுதான்; வீடு கேட்டுக்கொண்டிருந்ததோ விளக்குச் சுடர்போல் நின்றெரியும் தீபாக்கினியை. சென்ஸோகம்ஃபர்ட் செய்யும் வேலையை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது: அது கொதிகலனை அணைத்து ஏற்றுவதில்லை, தீயின் அளவை மாற்றுகிறது.

அதன் அமைப்பு எளியது. வீட்டின் வடக்குச் சுவரில், சன்னலுக்கும் புகைபோக்கிக்கும் எட்டத்தில், வெளி வெப்பநிலையை அளக்கும் சிறிய உணரி ஒன்று பொருத்தப்படுகிறது. உள்ளே, வரவேற்பறைச் சுவரில், கட்டுப்பாட்டுப் பெட்டி. அது வைலண்ட் பயன்படுத்தும் இபஸ் என்னும் தொடர்பு முறை வழியாக, இரண்டே கம்பிகளில், கொதிகலனோடு பேசுகிறது. வெளியே இத்தனை டிகிரி, உள்ளே இத்தனை டிகிரி வேண்டும் என்ற இரண்டையும் வைத்து, ரேடியேட்டருக்குப் போகும் நீர் எவ்வளவு சூடாக இருந்தால் போதும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணைக் கொதிகலனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெளியே குளிர் கூடினால் நீரின் சூடு கூடும். குளிர் தணிந்தால் தணியும். இந்த உறவைத் தீர்மானிப்பதுதான் வெப்ப வளைகோடு என்னும் எண். முதல் பத்தியில் நான் குறிப்பிட்ட ஒரே ஓர் எண் அதுவே. ஜெர்மானியர்கள் பல பதிற்றாண்டுகளாகக் கொதிகலனை இப்படித்தான் இயக்கி வருகிறார்கள். பிரிட்டனில் மட்டும் இது ஏதோ ஆடம்பரம்போல் கருதப்படுவதும், புதிய கொதிகலன் விற்கும்போது பெரும்பாலோர் இதைப் பற்றி வாயே திறக்காததும் எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாட்டில் கட்டுப்பாட்டுக் கருவிகள் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வெளி உணரியும் அறை உணரியும் சேர்ந்து கொதிகலனின் தீயை ஏற்றி இறக்கும் இது ஆறாம் வகுப்பு. அந்த வகைப்பாட்டின்படி அறை சூடேற்றத்தின் திறனுக்கு நான்கு விழுக்காடு கூடுதல் மதிப்பெண். வெறும் அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட்டுக்கு ஒரே விழுக்காடு.

பொருத்துவதற்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. பழைய தெர்மோஸ்டாட்டின் கம்பிகளையே இபஸ்ஸுக்குப் பயன்படுத்திக்கொள்ள முடிந்ததால், புதிதாகத் துளையிட வேண்டியிருந்தது வெளி உணரிக்கு மட்டும்தான். கம்பி இல்லாத வகையும் கிடைக்கிறது. நான் கம்பியுள்ளதையே தேர்ந்தெடுத்தேன். கொதிகலனின் முன்மூடியைத் திறந்து செய்யும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். எரிவாயு வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்ற பொறியாளரிடமே விடுங்கள். ஆனால் வெளி வெப்பநிலையை ஒட்டிய கட்டுப்பாட்டில் அனுபவம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் நான் அழைத்த இருவரும், இது உங்கள் வீட்டுக்குத் தேவையே இல்லை என்றார்கள். மூன்றாமவர் எங்கள் ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். கருவி, உணரி, கூலி எல்லாம் சேர்ந்து 300 பவுண்டுக்குச் சற்று மேல் ஆயிற்று. அதே வருகையில், சூடேற்றத்துக்கான உச்ச அளவை 24 கிலோவாட்டிலிருந்து பத்துக்குக் குறைத்துவைக்கவும் கேட்டுக்கொண்டேன். வெந்நீருக்கான அளவு இதனால் குறையாது. அது தனிக் கணக்கு.

இனி வளைகோட்டைப் பற்றி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எங்கள் பெட்டியில் அது 1.2 என்று இருந்தது. அறைக்கு 20 டிகிரி கேட்டு, வெளியே 0 டிகிரியாக இருந்தால் நீர் ஏறக்குறைய 50 டிகிரிக்குப் போகும். வெளியே 10 என்றால் 38 போதும். பழைய 75-ஐ விட இதுவே எவ்வளவோ மேல். ஆனாலும் முதல் வாரத்திலேயே படுக்கையறை ரேடியேட்டர்களின் வால்வுகள் தாமாகவே மூடிக்கொள்வதைக் கவனித்தேன். அறைக்கு வேண்டியதைவிடச் சூடான நீர் வருகிறது என்பதே அதன் பொருள். அப்போது செய்ய வேண்டியது, வால்வை மூடவிடுவதல்ல, நீரைக் குளிரவைப்பது. எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்துவைத்தேன். கருவியில், அறை உணரியின் தலையீடு வேண்டாம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன்; இல்லையென்றால் அது இடையில் புகுந்து திருத்திக்கொண்டே இருப்பதால், வளைகோடு சரியா தவறா என்பது தெரியவே தெரியாது. பிறகு மூன்று நாளைக்கொருமுறை 0.1 வீதம் குறைத்துக்கொண்டே வந்தேன். 0.8-க்கு வந்தபோது, வெளியே 2 டிகிரியாக இருந்த ஒரு காலையில், வடக்குப் பார்த்த சிறிய படுக்கையறை 18-ஐத் தாண்டவில்லை. 0.9-க்குத் திரும்பினேன். அந்த எண்ணில், வெளியே 0 என்றால் நீர் ஏறக்குறைய 44 டிகிரி. வெளியே 10 என்றால் 34. ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சூடாக இருக்காது. வீடு மட்டும் காலைமுதல் இரவுவரை 20 டிகிரியில் அசையாமல் நிற்கும்.

ரேடியேட்டர் சூடாக இல்லை என்பதை வீட்டில் உள்ளவர்கள் ஏற்றுக்கொள்வதுதான், பொருத்துவதையும் அமைப்பதையும் விடக் கடினமான பகுதி. அந்தக் குளிர்காலத்தில் திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, காலையில் எழுந்ததும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பாய்லர் கெட்டுப்போச்சுப்பா, ஆளைக் கூப்பிடு” என்றார். பழைய தெர்மோஸ்டாட்டை 28-க்குத் திருப்பிவைத்தால் வீடு விரைவாகச் சூடாகும் என்பது அவருடைய நம்பிக்கை. இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த பலருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட்டில் எண்ணை உயர்த்தினால் வீடு விரைவாகச் சூடாகாது, நெடுநேரம் எரியும், அவ்வளவே. அவருடைய அறையில் ஒரு சிறிய வெப்பமானியை வைத்து, காலை, நண்பகல், இரவு மூன்று வேளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பத்து நாள் கழித்து அவரே, “இப்பதான் ராத்திரி நெஞ்சு காயல, காலைல விறைக்கல” என்று சொன்னபோது, ஒரு பொறியாளரின் சான்றிதழைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. முன்பெல்லாம் ரேடியேட்டர் கொதிக்கும்போது காற்று வறண்டு, அது அணைந்தபின் சுவர் சில்லிட்டு, சன்னலோரங்களில் ஈரம் கோத்து, கரும்பூஞ்சை படரும். மிதமான சூடு இடைவிடாமல் நின்றதிலிருந்து சுவரின் உட்பரப்பு குளிர்வதில்லை. அந்த அறையின் மூலையில் ஆண்டுதோறும் துடைத்துக்கொண்டிருந்த பூஞ்சை மறுபடி வரவில்லை. துணிகளை உள்ளேயே உலர்த்தி, நாள்தோறும் சோறு வடித்துக் குழம்பு கொதிக்கவைக்கும் வீடுகளில் இது சிறிய நன்மை அல்ல.

வளைகோட்டை இறக்க முடியுமா என்பது ரேடியேட்டரின் பரப்பைப் பொறுத்தது. விற்கும்போது அதன் திறன், நீரின் சராசரி வெப்பநிலை அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது எவ்வளவு தரும் என்றே குறிக்கப்படுகிறது. அந்த இடைவெளி 25 ஆகக் குறைந்தால், தரும் வெப்பம் பாதியோடு நிற்காது, ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டுக்கே இறங்கிவிடும். ஆகவே ஒற்றைத் தகடு ரேடியேட்டர்கள் மட்டும் உள்ள வீட்டில் நீரை 45-க்கு இறக்கினால் குளிரும். எங்கள் வரவேற்பறையிலும் வடக்குப் படுக்கையறையிலும் இருந்த ஒற்றைத் தகடுகளை எடுத்துவிட்டு, அதே அகலத்தில் இரட்டைத் தகடு ரேடியேட்டர்களைப் பின்னாளில் போட்டோம். கருவிக்குக் கொடுத்ததைவிட அதற்குக் கூடுதலாகச் செலவானாலும், அதன்பின் 0.8 தாராளமாகப் போதுமானது. ரேடியேட்டர்களைச் சமன்படுத்துவதும் முக்கியம். கொதிகலனுக்கு அருகில் உள்ளவை நீரையெல்லாம் விழுங்கிவிட்டுக் கடைசியில் உள்ளதைப் பட்டினி போடாதபடி, ஒவ்வொன்றின் மறுமுனை வால்வையும் அளவாகத் திறந்துவைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுவதும் இதற்குப் போயிற்று. வேறெந்தச் செலவும் இல்லை.

2022 டிசம்பரில் இங்கே கடும் குளிர் வந்ததும், 11-ஆம் தேதி இரவு லண்டனில் பனி பொழிந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். கருவிக்கு அது முதல் பெரிய தேர்வு. தெருவெல்லாம் வெண்மையாகிக் கிடந்த அந்த நாள்களில் நீர் தானாகவே 45-ஐத் தாண்டி ஏறிக்கொண்டது. யாரும் எதையும் தொடவில்லை, அறை வெப்பநிலை அரை டிகிரிகூட மாறவில்லை. தொல்லை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. நீராவி குளிர்ந்து உண்டாகும் நீரை வெளியேற்றும் குழாயை, 2019-இல் கொதிகலனைப் பொருத்தியவர், 21.5 மில்லிமீட்டர் ஒல்லிக் குழாயாகவே வெளிச்சுவர் நெடுக ஓட்டியிருந்தார். கொதிகலன் தன் வேலையைச் சரியாகச் செய்யத் தொடங்கியதும் அந்த நீர் முன்னைவிடக் கூடியது. சிறுகச் சிறுகச் சொட்டும் நீர் அந்தக் குளிரில் உறைந்து, குழாய் அடைத்து, ஒரு காலையில் கொதிகலன் களகளவென்று ஒலி எழுப்பி நின்றுவிட்டது. வெதுவெதுப்பான நீரைக் குழாயின்மேல் ஊற்றி உருக்கினோம். பிறகு 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி, வெளியே உள்ள பகுதிக்கு உறையும் போட்டோம். அடுத்த இரு குளிர்காலங்களிலும் உறையவில்லை. இந்தக் கருவியை வாங்க நினைப்பவர்கள் அந்தக் குழாயை முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மிச்சம் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்த ஆண்டின் பில்லையும் சென்ற ஆண்டின் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. ஒரு குளிர்காலம்போல் இன்னொன்று இருப்பதில்லை, விலையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நான் வாரந்தோறும் மீட்டரைப் படித்து, கனமீட்டர் கணக்கை யூனிட்டாக மாற்றி (ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 11 யூனிட்), அதை அந்த வாரத்தின் பாகை நாள்களால் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளின் சராசரி வெளி வெப்பநிலை 15.5 டிகிரியைவிட எத்தனை டிகிரி குறைவோ அத்தனை பாகை நாள் என்பது பிரிட்டனில் வழக்கமான கணக்கு. குளிருக்கு ஈடுசெய்த இந்தக் கணக்கின்படி, முந்தைய அமைப்போடு ஒப்பிட்டால், எங்கள் வீட்டின் சூடேற்றச் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. சூடேற்றத்துக்கு ஆண்டுக்கு 12,000 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அது 1,200 யூனிட், 10.3 பென்ஸ் விலையில் 124 பவுண்டு, 6 பென்ஸ் விலையில் 72 பவுண்டு. போட்ட பணம் இரண்டரையிலிருந்து நான்கரை ஆண்டுக்குள் திரும்பும். இதைவிடப் பெரிய எண்களைச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாகாது. அந்தப் பத்தில் ஒரு பங்கில் கணிசமான பகுதி, ஒரு காசுகூடச் செலவழிக்காமல் கிடைத்திருக்கும். கொதிகலனின் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட பொத்தானைத் தேடி, 75-ஐ 60-க்கோ 55-க்கோ நீங்களே குறைத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் பிரிட்டன் அரசு தொடங்கிய சிக்கனப் பரப்புரையிலும் காம்பி கொதிகலன்களுக்கு 60 டிகிரி என்றே பரிந்துரைத்தார்கள். வெந்நீரைத் தொட்டியில் சேமித்து வைக்கும் வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தாது. லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்கத் தொட்டி நீர் 60-க்குச் சூடாக வேண்டும் என்பதால், அவர்கள் பொறியாளரைக் கேட்டே மாற்ற வேண்டும். காம்பி வைத்திருப்பவர்கள் இன்றிரவே மாற்றலாம். அதோடு, குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் வருவதற்காகக் கொதிகலன் தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளும் முன்சூடு அமைப்பையும் அணைத்துவிடுங்கள். குழாயடியில் சில நொடிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். கோடையில்கூடத் தேவையின்றி எரிந்துகொண்டிருந்த எரிவாயு மிச்சமாகும். இதையெல்லாம் செய்தபின், கடும் குளிருக்கு 60-உம் இளங்குளிருக்கு 45-உம் என்று நாள்தோறும் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கருவி. எனக்கு அது தேவைப்பட்டது.

கருவியின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். இது வைலண்ட் கொதிகலன்களுக்கு மட்டுமே ஆனது. வேறு நிறுவனத்தின் கொதிகலன் வைத்திருப்பவர்கள் அந்த நிறுவனத்தின் சொந்தக் கருவியையோ, ஐடியல் போன்ற நிறுவனங்களின் கொதிகலன்கள் ஏற்கும், பல நிறுவனங்களுக்கும் பொதுவான தொடர்பு முறையான ஓப்பன்தெர்ம் வகைத் தெர்மோஸ்டாட்டையோ பார்க்கலாம். விஸ்மான் நிறுவனத்தின் விட்டோடென்ஸ் கொதிகலன் வைத்திருப்பவர்களுக்கு வெளி உணரியை மட்டும் நேரே கொதிகலனில் இணைத்துக்கொள்ளும் வசதியே உண்டு. அது இன்னும் மலிவான வழி. கைபேசியிலிருந்து இயக்க வேண்டுமானால் இணைய இணைப்புப் பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை, குறையாகவும் தெரியவில்லை. வளைகோடு சரியாக அமைந்தபின் தொடுவதற்கு எதுவும் இருப்பதில்லை. கொதிகலனின் தீ ஓர் அளவுக்குக் கீழே இறங்காது, எங்களுடையது ஐந்தாறு கிலோவாட் என்பதால், வெளியே 10 டிகிரியாக இருந்து வீட்டுக்கு மூன்று கிலோவாட்டே போதும் என்ற நாள்களில் கொதிகலன் அணைந்தணைந்துதான் எரியும். அதை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது. தேவைக்கு மேல் பெரிய கொதிகலனைத் தலையில் கட்டிவிடும் வழக்கத்தின் விளைவு அது. வெளி உணரிக்குக் குளிர் தெரியும், காற்று தெரியாது. தெற்குச் சன்னல் வழியே வரும் வெயிலும் தெரியாது. அதற்காகத்தான், வளைகோடு படிந்தபின் அறை உணரியின் தலையீட்டை மறுபடி இயக்கிவைத்தேன். மார்ச் மாதத்து நண்பகல்களில் வரவேற்பறை வெயிலில் சூடேறும்போது அது நீரின் சூட்டை ஓரிரு டிகிரி இறக்கிவிடுகிறது. வெளியே 16 டிகிரிக்கு மேல் போனால் சூடேற்றமே வேண்டாம் என்ற வரம்பையும் வைத்திருக்கிறேன்.

பகல் முழுவதும் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்து, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் சூடு தேவைப்படும் வீடுகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 44 டிகிரி நீரால், 14-க்கு இறங்கிவிட்ட வீட்டை அரை மணியில் 20-க்கு ஏற்ற முடியாது. எங்கள் வீட்டில் குழந்தைகளும், ஆண்டில் சில மாதங்கள் அம்மாவும், வீட்டிலிருந்து வேலை செய்யும் நானும் இருக்கிறோம். ஆகவே இரவில் முற்றிலும் அணைக்காமல் 17.5-க்கு மட்டும் இறக்கி, விடியுமுன் நான்கரை மணிக்கே மெல்ல ஏறத் தொடங்கும்படி வைத்திருக்கிறோம். முதியவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீடுகளுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற அளவுக்குப் பொருத்தமானது.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. இரண்டாம் ஆண்டின் பராமரிப்புக்கு வந்த பொறியாளர், ரேடியேட்டர்கள் வெதுவெதுப்பாக மட்டும் இருப்பதைக் கண்டு, கோளாறு என்று எண்ணி, நல்லெண்ணத்தோடு வளைகோட்டை 1.2-க்குத் திருப்பிவிட்டுப் போய்விட்டார். மீட்டர் கணக்கு எழுதும் பழக்கம் இருந்ததால்தான் இரண்டு வாரத்தில் அதைக் கண்டுபிடித்தேன். இப்போது கொதிகலன் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன்: வளைகோடு 0.8, உச்ச அளவு 10 கிலோவாட், முன்சூடு அணைக்கப்பட்டுள்ளது, ரேடியேட்டர்கள் சூடாக இல்லாதிருப்பது கோளாறல்ல, தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம்.